எங்கள் தோட்டக் குழுவை எல்லாருக்கும் திறந்துவிடலாமா?

எங்கள் தோட்டக்காரர் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே கதை. வட்ஸ்அப்பில் உள்ளுக்குள் நடக்கும் இந்தக் குழுவை வெளியில் உள்ளவர்களும் பார்க்கிற மாதிரி மாற்றிவிடலாமா என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் வெங்காயம், மிளகாய், கத்தரி, புகையிலை செய்கிறவர்கள், வீட்டு வளவில் நாலு கன்று வைத்திருக்கும் பெண்கள், ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியர்கள், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு ஊர்க்காணியை ஆள் வைத்துப் பார்ப்பவர்கள் என்று எல்லாத் தரப்பும் இதில் உண்டு. "இவ்வளவு அனுபவமும் போனுக்குள்ள கிடந்து அழியுது, திறந்து விடுங்கோ" என்கிறது ஒரு பக்கம். "திறந்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்" என்கிறது மறுபக்கம்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவு எடுக்க முடியாமல் இழுபடுகிறது. இதே கேள்வி பழைய மாணவர் சங்கக் குழுக்களுக்கும், ஊர்ச் சங்கக் குழுக்களுக்கும், கோயில் பரிபாலன சபைக் குழுக்களுக்கும் ஒருநாள் வரத்தான் போகிறது. ஆகவே எங்கள் குழுவுக்குள் மட்டும் எழுதாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் நாலு வழி இருக்கிறது. இப்போது இருப்பதுபோல் பூட்டியே வைக்கலாம். பேஸ்புக்கிலோ வேறெங்கோ முழுக்கத் திறந்து, யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம் என்று விடலாம். வாசிக்க எல்லாரும், எழுத உறுப்பினர் மட்டும் என்று வைக்கலாம். அல்லது கதை எல்லாம் உள்ளேயே நடக்கட்டும், அதில் தேறியதை மட்டும் தொகுத்து வெளியில் போடலாம். நான் நாலாவது வழியின் பக்கம். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். மார்கழி, தையில் வெங்காயம் நட்டு, இடையில் மழையும் பனியும் மாறிமாறி வந்தால் தாள் முறுகி மடியத் தொடங்கும். அது ஒரு பூஞ்சண நோய். ஈரலிப்பான காலநிலையில் பரவும், நட்ட விதைவெங்காயத்தோடும் வரும். இரண்டு பரப்பு (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) நட்ட ஒருவர் குழுவில் படம் போட்டுக் கேட்டார். "அண்ணை, ரெண்டு பரப்பு. பக்கத்துத் தோட்டத்தில இருந்து கடனுக்கு வாங்கின விதைவெங்காயம். கடைக்காரர் ரெண்டு மருந்தையும் கலந்து அடிக்கச் சொன்னவர், அப்படியே அடிச்சனான். மூண்டு நாளுக்குப் பிறகு இன்னும் கூடிப்போச்சு." இந்த நாலு வசனத்தில்தான் பதிலே இருக்கிறது. விதை எங்கிருந்து வந்தது, யார் சொல்லி அடித்தார், கலந்து அடித்தாரா, எத்தனை நாள் ஆனது. பதில் சொன்னவருக்கு வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதே மனிதர், ஊர் முழுக்கப் பார்க்கிற இடத்தில் இதை எப்படிக் கேட்பார்? கடன் வாங்கியதைச் சொல்ல மாட்டார், வெட்கம். விதை எங்கே வாங்கினேன் என்று சொல்ல மாட்டார், விற்றவர் முகத்தை நாளைக்குப் பார்க்க வேண்டும். இரண்டு மருந்தைக் கலந்ததைச் சொல்ல மாட்டார், "இதுகூடத் தெரியாதோ" என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். மிஞ்சுவது ஒரு படமும் "இது என்ன நோய்?" என்ற மூன்று சொல்லும்தான். அதற்கு இருபது பேர் இருபது மருந்து சொல்வார்கள். பார்வையாளர் கூடும்போது கேள்வி கேட்பவர் குறைகிறார் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். கேட்பவரும் தன் கேள்வியின் உயிரான பகுதியை வெட்டிவிட்டுத்தான் கேட்கிறார். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

பதில் விஷயத்தில் கதை தலைகீழ். உள்ளுக்குள், தெரிந்தவர்களுக்கு மத்தியில், "இதை அடியுங்கோ, எனக்குச் சரி வந்தது" என்று ஒருவர் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். அளவு சொல்லத் தேவையில்லை, எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்று சொல்லத் தேவையில்லை. தவறாக இருந்தாலும் மரியாதைக்காக மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். மூத்தவர் சொன்னதை யார் மறுப்பது? தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்றால் அதே மனிதர் போத்தலை எடுத்து லேபிளைப் பார்த்து, அளவைச் சரிபார்த்து எழுதுவார். வெளியில் இருந்து ஒருவர் வந்து "இது இங்கே பதிவில் இல்லாத மருந்து" என்று திருத்தவும் இடமிருக்கும். ஆக, கேள்வி மூடின இடத்தில் நன்றாக வருகிறது, பதில் திறந்த இடத்தில் நன்றாகத் திருந்துகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு திறப்பதா பூட்டுவதா என்று அடிபடுவதால்தான் எங்களுக்கு விடை கிடைக்கவில்லை.

"வெளியாள்" என்று நாங்கள் யாரைச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். திறந்துவிடச் சொல்கிறவர்கள் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத வாசகரை நினைக்கிறார்கள். அந்த வாசகருக்கு யாரும் பயப்படுவதில்லை. பயம் எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான்.

கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான் குடிப்பதும் தோட்டம் செய்வதும். சுன்னாகம் பக்கத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிரச்சினை வந்த காலத்தில், தன் கிணற்றில் எண்ணெய் மிதப்பதைப் பொதுவில் சொல்லப் பலரும் தயங்கினார்கள். கிணறு கெட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் காணி விலை போகாது. அந்தக் காணி மகளுக்குச் சீதனமாக எழுதி வைத்ததாக இருந்தால் கதை இன்னும் தூரம் போகும். இதை வேண்டாத பயம் என்று தள்ள முடியாது.

ஆனால் இதே விஷயத்தில்தான் திறந்து பேசியதன் பலனும் தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் கிணற்றோடு மௌனமாக இருந்திருந்தால் அது ஒவ்வொரு வீட்டின் தனிக் கவலையாகவே போயிருக்கும். பலர் வெளியில் சொன்னதால்தான் போராட்டங்கள் நடந்தன, மாதிரிகள் எடுக்கப்பட்டன, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் நட்டஈட்டுக்கு உத்தரவும் வந்தது. என் கிணறு என்று தனியாகச் சொல்லப் பயந்தவர்கள், எங்கள் பகுதிக் கிணறுகள் என்று சேர்த்துச் சொல்லப்பட்டபோது பயப்படவில்லை. நாலாவது வழியை நான் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த வெளியாள் யாவாரி. யார் எத்தனை பரப்பு நட்டிருக்கிறார், எப்போது கிண்டப் போகிறார், யாருக்கு அவசரமாகக் காசு தேவை என்பதெல்லாம் குழுவில் சாதாரணமாகப் பேசப்படும். இதை லொறியோடு தோட்டத்துக்கே வருகிறவர் முதலே வாசித்துவிட்டு வந்தால் பேரம் பேச என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை விலையையும் மருதனார்மடச் சந்தை விலையையும் எல்லாரும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அது விளைவித்தவருக்குத்தான் உதவும். ஆனால் இன்னாருடைய அவசரம் பொதுவில் இருக்கக்கூடாது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் தளர்த்தப்படும் வரை நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எந்தக் கடையில் இன்னும் யூரியா மிச்சம் இருக்கிறது, மூடை என்ன விலை என்ற செய்தியெல்லாம் அறிந்தவர், தெரிந்தவர் வட்டத்துக்குள்தான் ஓடியது. யாராவது அதைப் பொதுவில் எழுதியிருந்தால் அன்று மாலையே கடை காலி, எழுதியவருக்கும் பொல்லாப்பு. இப்படியான நேரத்தில் பூட்டிய குழுவுக்கு இருக்கும் பயனை வேறெதுவும் தராது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் இந்த வகையில் வெளியாட்கள்தான். நட்டம் வந்ததை அண்ணன் அங்கே இருந்து வாசிப்பார், உடனே போன் வரும், "நான் அனுப்பின காசு எங்க?" என்று. அதனால் நட்டத்தைச் சொல்லாமல் விளைச்சலை மட்டும் படம் பிடித்துப் போடும் பழக்கம் வந்துவிடும். பேஸ்புக்கில் இருக்கும் தோட்டப் படங்களைப் பாருங்கள். எல்லாம் பூத்துக் காய்த்து நிற்கும். அழுகின கத்தரியை யாரும் போடுவதில்லை. கற்றுக்கொள்வதற்கு அழுகின கத்தரிதான் வேண்டும்.

அரசாங்கம் என்ற பார்வையாளரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நீட்டி எழுத வேண்டியதில்லை. 2024 பெப்ரவரி முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொய்யான கூற்று என்று தீர்மானிக்கப்படுவதை வெளியிடுவது அதன்படி குற்றமாகலாம். ஒரு உரக்கடையையோ ஒரு அதிகாரியையோ குறை சொல்லும் வசனம் உள்ளுக்குள் இருப்பதும் உலகம் பார்க்க இருப்பதும் ஒன்றாகாது. தோட்டக் கதையில் இதற்கெல்லாம் பயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்க உளவு அமைப்பு இணையத்தைக் கண்காணிப்பதை 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய பிறகு, விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் தொடர்பான கட்டுரைகளைப் பார்ப்பது கணிசமாகக் குறைந்ததை ஜொனதன் பென்னி என்ற சட்ட ஆய்வாளர் 2016 இல் காட்டினார். அந்த வாசகர்கள் எதையும் எழுதவில்லை, வாசிக்கத்தான் செய்தார்கள். அதற்கே கை பின்வாங்கியது.

சரி, அப்படியானால் பூட்டியே வைத்துவிட்டால் என்ன? மேலே சொன்னதை வாசித்தவர்களுக்கு அதுதான் சரி என்று படும். நானும் நாலில் இரண்டாவது நல்ல வழியாக அதைத்தான் வைப்பேன். ஆனால் பூட்டிய குழுவுக்குள் மெதுவாக நடக்கும் அழிவு ஒன்று இருக்கிறது.

ஒவ்வொரு மாரியும் அதே கேள்வி வருகிறது. முதல் வருடம் அருமையான பதில் வந்தது, ஒரு பெரியவர் நாலு நிமிட வொய்ஸ் மெசேஜில் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த வருடம் அதைத் தேடினால் கிடைக்காது. வொய்ஸை எழுத்துப் போட்டுத் தேட முடியாது. போன் மாற்றினவரிடம் அது இல்லை. புதிதாகச் சேருபவருக்குப் பழைய கதையைக் கிளறிப் பார்க்கப் பெரிதாக வழியும் இல்லை. பெரியவரும் ஒரு முறை சொல்வார், இரண்டு முறை சொல்வார், அப்புறம் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அந்த இடத்தை அரைகுறையாகத் தெரிந்தவர் நிரப்புவார். குழு பெருகப் பெருகத் தரம் இறங்குவது இப்படித்தான். வெளியாள் ஒருவரும் வராமலே இது நடக்கிறது.

பூட்டு என்பதே எவ்வளவு பூட்டு என்பது இன்னொன்று. வட்ஸ்அப் குழு ஒன்றில் 1024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரும் ஒரே குடாநாட்டவர் என்றால், மேலே சொன்ன தெரிந்த முகங்கள் எல்லாம் ஏற்கனவே உள்ளேதான் இருக்கின்றன. ஒரு ஸ்கிரீன்ஷொட் போதும். 2020 பெப்ரவரியில், பொதுவில் பகிரப்பட்ட வட்ஸ்அப் குழு அழைப்பு லிங்குகள் கூகுள் தேடலில் வந்து விழுந்ததும், முன்பின் தெரியாதவர்கள் உள்ளே போக முடிந்ததும் செய்தியானது. லிங்கைக் கண்டபடி பரப்பாமல் அட்மின் ஒப்புதலோடு மட்டும் சேர்ப்பதுதான் குறைந்தபட்சப் பாதுகாப்பு. குழுவில் எல்லாருடைய போன் நம்பரும் எல்லாருக்கும் தெரிகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. வீட்டுத்தோட்டம் செய்யும் பெண்கள் பலர் வாசிப்பதோடு நிற்பதற்கு இதுதான் காரணம். ஒரு கேள்வி கேட்டால் இரவில் தெரியாத நம்பரில் இருந்து "ஹாய்" வருகிறது என்றால் யார் கேட்பார்கள்? வட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று வைத்தால் அதன் அறிவிப்புப் பகுதியில் மற்ற உறுப்பினர்களுக்கு நம்பர் தெரியாது. ஆனால் அங்கே அட்மின் மட்டும்தான் புதுச் செய்தி போடலாம், குழுவில்போலக் கதைக்க முடியாது.

இனி முழுக்கத் திறக்கும் வழி. அதன் பக்க நியாயம் உண்மையிலேயே பெரியது. யாழ்ப்பாணச் செம்மண்ணில் வெங்காயம் செய்வதைப் பற்றித் தமிழில் தேடிப் பாருங்கள். வருவதில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தகவல். நல்ல தகவல்தான், ஆனால் அளவு ஏக்கர் கணக்கில் இருக்கும். இரண்டு பரப்புச் செய்பவர் பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்று பிரித்துப் போட வேண்டும். அங்கே சொல்லும் மருந்து இங்கே கிடைக்காது, அல்லது அனுமதியே இருக்காது. கிளைபோசேட் என்ற களைகொல்லிக்கு 2015 இல் இங்கே தடை வந்தபோது அங்கே அது கடையில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. எங்கள் மண்ணுக்கும் எங்கள் தண்ணீருக்கும் பொருந்துகிற அறிவு ஏராளமாக இருக்கிறது, எல்லாம் பூட்டிய குழுக்களுக்குள். தேடுகிறவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

திறந்து வைத்ததால் தமிழில் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். எழுதியது எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தபடியால்தான் முகம் தெரியாத பலர் வந்து சேர்ந்தார்கள். 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகமும் அப்படித்தான். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் போன ஊரில் இருந்து பார்க்கும்போது, ஒரே இடத்தில் பூட்டி வைத்த அறிவு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் விக்கிப்பீடியாவில் எழுதப்படுவது முடிந்த அறிவு. அங்கே ஒருவரும் தன் கடனைப் பற்றி எழுதுவதில்லை. எங்கள் குழுவில் நடப்பதில் முக்கால்வாசி முடியாத கதை. இன்னும் ஒன்று, அந்த விக்கிப்பீடியாவுக்கும் திறந்து வைத்ததற்கு ஒரு செலவு இருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் தொகை 2007 இல் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியது. ஏன் என்று ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது இதைத்தான்: பிரபலம் கூடக் கூடக் குழப்படிக்காரர்கள் வந்தார்கள். அவர்களைத் தடுக்க விதிகளும் தானாக இயங்கும் கருவிகளும் வந்தன. அந்தக் கருவிகள் நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்தையும் சேர்த்துத் தள்ளின. அவர்கள் திரும்பி வரவில்லை. காவல் போட வேண்டிய அளவுக்குத் திறந்தால், அந்தக் காவலே நல்லவர்களை விரட்டுகிறது.

இது புதிதும் இல்லை. யூஸ்நெட் என்று பல்கலைக்கழகக்காரர்கள் புழங்கிய பழைய வலையில் ஒவ்வொரு செப்டம்பரும் புது மாணவர்கள் வந்து குழப்புவார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடுவார்கள். 1993 இல் இருந்து வணிக இணைய நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் அலையாக வரத் தொடங்கியபோது பழக்கியெடுக்க நேரமே கிடைக்கவில்லை, முடியாத செப்டம்பர் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, வருகிறவர்களைப் பழக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கணக்கு. எங்களிடம் அட்மினாக இருப்பவர்கள் காலையில் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போகிறவர்கள். மருந்துக் கம்பனி விளம்பரத்தையும், வட்டிக்கடன் விளம்பரத்தையும், அரசியல் சண்டையையும் நாள் முழுக்க இருந்து அழிக்க அவர்களால் முடியாது. முழுக்கத் திறப்பதை நான் எதிர்ப்பதற்கு இது ஒன்றே போதும்.

வாசிக்க எல்லாரும், எழுத உறுப்பினர் மட்டும் என்ற மூன்றாவது வழி கேட்க நியாயமாக இருக்கிறது. டெலிகிராமில் பொது முகவரி உள்ள சனலை, செயலியே இல்லாதவர்கூட இணையத்தில் வாசிக்கலாம். விளம்பரக்காரர் தொல்லை இல்லை. ஆனால் வெங்காயக்காரருடைய பிரச்சினை எழுதுகிறவர் யார் என்பதில் இல்லை, வாசிக்கிறவர் யார் என்பதில்தான். அதை இந்த வழி தொடவே இல்லை. இதில் இரண்டு பேரின் கஷ்டமும் சேர்ந்து வருகிறது: உள்ளே இருப்பவர் வாய் மூடுவார், வெளியே இருந்து திருத்தக்கூடியவர் எழுத முடியாது.

இதற்குப் புனைபெயர் மருந்தாகுமா என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சில இடங்களில் ஆகும். பெயரைக் கட்டாயப்படுத்தினால் தரம் கூடும் என்று நினைத்துத் தென்கொரியா 2007 இல் பெரிய இணையத்தளங்களுக்கு உண்மைப் பெயர் விதி கொண்டுவந்தது. வசை பெரிதாகக் குறையவில்லை. 2011 இல் ஒரு தளம் உடைக்கப்பட்டு மூன்றரைக் கோடிப் பேரின் விபரம் களவு போனது. 2012 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் விதியையே தள்ளிவிட்டது. ஆக, பெயர் தெரிந்தால் ஆள் ஒழுங்காகப் பேசுவார் என்பது அவ்வளவு நம்பக்கூடிய கணக்கு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பெயரை மறைப்பது லேசும் இல்லை. படத்தில் பின்னால் கோயில் கோபுரம் தெரியும், தண்ணீர்த் தாங்கி தெரியும், மதில் நிறம் தெரியும். "கத்தரி நாலு பரப்பு, பக்கத்தில் முந்திரிகைப் பந்தல்" என்றாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். வொய்ஸ் மெசேஜில் குரலே அடையாளம். புனைபெயரை நம்பித் திறப்பதைவிட, கேட்கத் தயங்குகிறவர் அட்மினிடம் தனியாகச் சொல்லி, "ஒரு உறுப்பினர் கேட்கிறார்" என்று அட்மின் போடுவது நன்றாக வேலை செய்யும்.

எங்கள் முடிவு உண்மையில் யாரைப் பார்த்து இருக்க வேண்டும் என்று யோசித்தால், இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006 இல் எழுதிய ஒரு பொதுக் கணக்கு நினைவுக்கு வருகிறது. இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். அது துல்லியமான அளவு இல்லை, ஆனால் எங்கள் குழுவைப் பார்த்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. திறப்பதால் தொண்ணூறு பேர் தொள்ளாயிரமாகலாம். பதில் சொல்லும் அந்த ஒரு சிலர் என்ன செய்வார்கள்? எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் உள்ளே சொல்வது இப்படி: "திணைக்களப் புத்தகத்தில இப்படி இருக்கு, ஆனா உங்கட மண்ணுக்கு அது கூட, பாதியில நிறுத்துங்கோ." பொதுவில் என்றால் அவர் புத்தகத்தில் உள்ளதை மட்டும்தான் சொல்வார். சொல்லவும் வேண்டும், அவருடைய நிலையில் நானும் அதைத்தான் செய்வேன். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதற்காகத்தான் சனம் இந்தக் குழுவில் இருக்கிறது.

அதனால்தான் கதை உள்ளே, தொகுப்பு வெளியே என்கிறேன். நடைமுறையில் அது இப்படி இருக்கும். ஒரு விஷயம் குழுவில் நன்றாகப் பேசித் தீர்ந்ததும், அதை ஒருவர் எழுத்தில் கொண்டுவருவார். வொய்ஸை எல்லாம் கேட்டு, என்ன அறிகுறி, எந்த மண், எந்த மாதம், என்ன செய்தார்கள், எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று ஒன்றிரண்டு பக்கத்துக்குள். ஆள் பெயர் வராது, ஊர்ப் பெயரும் வராது, வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்ற அளவில் நிற்கும். மருந்தின் பெயரும் அளவும் வருகிற இடத்தை விஷயம் தெரிந்த இன்னொருவர் பார்க்காமல் போடக்கூடாது. படத்தில் பின்புலத்தை வெட்ட வேண்டும். படத்தை டொக்கியுமென்ற் ஆக அனுப்பினால் எடுத்த இடத்தின் விபரமும் சேர்ந்து போகலாம், சாதாரணப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நீக்கிவிடும் என்பதைத் தொகுப்பவர் அறிந்திருக்க வேண்டும். எழுதியதை முதலில் குழுவுக்குள் போட்டு, சம்பந்தப்பட்டவர்கள் சரி என்ற பிறகுதான் வெளியில். வெளியில் வாசிப்பவர் திருத்தம் சொல்ல ஒரு வழியும் இருக்க வேண்டும். திறந்த இடத்தால் பதிலுக்கு வரும் நன்மை அந்த வழியாகத்தான் எங்களுக்கு வரும். தன் பெயர் வர வேண்டும் என்று விரும்பும் பெரியவர்களும் இருப்பார்கள். அவர்கள் பெயரைத் தாராளமாகப் போடலாம், அந்த மரியாதை அவர்களுக்குச் சேர வேண்டியது.

இதற்குள் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. அடுத்த மாரியில் அதே கேள்வி வரும்போது பெரியவர் திரும்ப நாலு நிமிடம் பேச வேண்டியதில்லை. லிங்கைப் போட்டால் போதும், அவருடைய நேரம் புதுக் கேள்விக்கு மிஞ்சும்.

குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தொகுப்பதற்கு ஆள் வேண்டும். சும்மா ஆள் இல்லை, வெங்காயமும் தெரிந்து தமிழும் எழுத வருகிற ஆள். சம்பளம் கிடையாது, நன்றியும் குறைவு. நாலு தொகுப்போடு களைத்து நின்றுவிட்டால் வெளியில் இருப்பது பழைய தகவலாகிவிடும், மருந்து விஷயத்தில் பழைய தகவல் ஆபத்து. ஒவ்வொன்றிலும் எழுதிய மாதமும் வருடமும் மேலேயே இருக்க வேண்டும். அதோடு தொகுப்பவர் கையில் பெரிய அதிகாரம் போய்ச் சேருகிறது, எதை வெளியில் விடுவது என்று அவர்தான் தீர்மானிக்கிறார். ஒருவர் கையில் அதைக் கொடுக்கக்கூடாது, இரண்டு பேராவது வேண்டும், அதில் ஒருவர் வீட்டுத்தோட்டம் செய்யும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். உரக்கடையோடு தொடர்புள்ளவர் வேண்டாம்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் ஒன்றில் இளகக்கூடாது. இதுவரை குழுவில் பேசியதைத் திறக்கக்கூடாது. அந்த வெங்காயக்காரர் கடன் கதையை உள்ளேதான் சொன்னார், உள்ளே என்று நம்பித்தான் சொன்னார். குழுவின் நிலையை இன்றைக்கு மாற்றி அவர் அன்றைக்குச் சொன்னதை உலகத்துக்குக் காட்ட எந்த அட்மினுக்கும் உரிமை கிடையாது, வாக்கெடுப்பு வைத்தாலும் கிடையாது. பழைய கதையில் தொகுக்க வேண்டியது இருந்தால் சொன்னவரிடம் கேட்டு, அவர் இல்லையென்றால் வீட்டாரிடம் கேட்டு எடுக்க வேண்டும். புதிதாக ஏதும் திறப்பதாக இருந்தால் வெறுமையாகத்தான் தொடங்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன்னால் நான் அட்மின்களிடம் கேட்பது ஒரு வேலைதான். நூற்றுக்கணக்கானவர்களைக் கையைத் தூக்கச் சொல்வதற்கு முதல், வழமையாகப் பதில் சொல்லும் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரோடும், கேள்வியே கேட்காமல் வாசித்துக்கொண்டிருக்கும் சில பெண்களோடும் தனித்தனியே போனில் கதையுங்கள். எது இருந்தால் எழுதுவார்கள், எது வந்தால் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். தொகுக்க இரண்டு பேர் உறுதியாகக் கிடைத்தால் சித்திரை முடியத் தொடங்கலாம், வெங்காய வேலை அப்போது கொஞ்சம் ஓய்ந்திருக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வரை இப்படியே பூட்டி வைத்துக்கொண்டு, லிங்கை மட்டும் புதிதாக மாற்றி, புதியவர்களை ஒப்புதலோடு சேர்ப்போம்.